சாமி மூலையில் ஒரு பொதிக் கதிர்

எனக்கு எழுத வராது. மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் நீட்டிக்கொண்டே போவேன், பொறுத்துக்கொள்ள வேண்டும். மறதியும் வந்துவிட்டது. மூக்கில் மாட்டியிருக்கிற கண்ணாடியையே தேடுகிறவள் நான். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் எனக்கு வாய் திறக்காது. காகிதம் திருப்பிக் கேள்வி கேட்காது என்பதால்தான் இந்தத் தைரியம்.

தினைக்கதிருக்குள் இழை இழையாக ஏதோ கூடிப் பிரிகிறதாம். அதைப் பார்ப்பதற்கென்று ஓர் அக்கா எங்கள் மலைக்கு வந்தார். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

அப்போது வெள்ளைக்காரன் ஆட்சி. சேலம் ஜில்லாவில் சாராயக் கடைகளையெல்லாம் மூடிவிட்டிருந்தார்கள். எனக்குக் கல்யாணமாகி ஒரு மழைக்காலம்தான் முடிந்திருந்தது. என் அப்பா அடிவாரத்தில் மிளகு மூட்டை சுமக்கப் போனவர், காளப்பநாயக்கன்பட்டியிலேயே சில வருஷம் குடியிருந்தார். அதனால்தான் எனக்கு அந்த மூன்றாம் வகுப்பு கிடைத்தது. பிறகு மலைமேல் திருப்புலி நாடு என்கிற பகுதியில் கட்டிக்கொடுத்தார்கள். வீட்டில் அத்தை, மாமன், என் வீட்டுக்காரர், நான். நாலு பேர்தான்.

ஆடி மாதம் சாரல் விட்ட ஒரு நாள், என் வீட்டுக்காரர் சந்தைக்குப் போனவர் தலையில் ஒரு மரப்பெட்டியோடு மலையேறி வந்தார். பின்னால் ஓர் அக்கா, புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, மூச்சு வாங்க. சமவெளியில் ஏதோ காலேஜில் பெரிய படிப்புப் படிக்கிறவராம். துணைக்கு வந்த சித்தி பாதி ஏற்றத்தில் கால் பிடித்துக்கொண்டு அடிவாரத்துக்கே திரும்பிவிட்டாராம்.

"ஏனுங்க, பெட்டியில என்ன?" என்று நான் மெதுவாகக் கேட்டேன்.

"என்ன இழவோ. கல்லை வெச்சுப் பூட்டியிருக்காங்க. கீழ போட்டா உன் மலையே என்னுதுன்னு எழுதி வாங்கிருவேன்னு வழி பூரா மிரட்டிக்கிட்டே வந்துது இந்தம்மா" என்றார் அவர்.

அக்கா சிரித்தார். "எழுதிக் குடுத்தாலும் வேண்டாம். ஏறி வர்றதுக்குள்ளயே பாதி உயிர் போயிருச்சு." அந்தச் சிரிப்பிலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

அக்கா வந்த காரியத்தை அன்று சாயங்காலமே அத்தையிடம் சொன்னார். எந்தச் செடியானாலும் அதன் உடம்பு சின்னச் சின்ன அறைகளால் ஆனது. ஒவ்வோர் அறைக்குள்ளும் மெல்லிய இழைகள் இருக்கின்றன. அவற்றுக்குக் குரோமோசோம் என்று பெயர். பூவுக்குள் மகரந்தத் தூள் உண்டாகும்போது அந்த இழைகள் ஒரு தனி விதமாக நகருமாம். ஜோடி ஜோடியாகக் கூடி, பிறகு பிரிந்து, பாதிப் பாதியாகப் போகுமாம். தினையில் அது எப்படி நடக்கிறது, காட்டோரம் தானாக முளைக்கும் தினைப்புல்லில் எப்படி நடக்கிறது, இரண்டையும் பார்த்து எழுத வேண்டும். போன வருஷம் யாரோ கீழே கொண்டுவந்து கொடுத்த கதிர்களைப் பார்த்தாராம். எல்லாம் முடிந்துபோயிருந்ததாம்.

"பந்தலைப் பிரிச்சப்புறம் கல்யாணத்துக்குப் போன மாதிரி ஆயிருச்சும்மா" என்றார். "கதிர் வெளியே வந்தா எல்லாம் முடிஞ்சிரும். உள்ளே உறைக்குள்ள இருக்கும்போதே எடுக்கணும். இந்த வருஷமும் கிடைக்கலைன்னா படிப்பு போதும், வீட்டுக்கு வான்னு எங்கப்பா சொல்லிட்டார். உங்க காட்டுல கொஞ்சம் எடுத்துக்கட்டுமா?"

அத்தை முகம் சுருங்கிவிட்டது.

எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொன்னால்தான் இது புரியும். கதிர் வெளியே எட்டிப் பார்க்கும் முன், இலை உறைக்குள் புடைத்துக்கொண்டு நிற்கும் பயிரைப் பொதிப் பயிர் என்போம். அது பிள்ளைத்தாய்ச்சி. பொதிக் காட்டுக்குள் செருப்புக் கால் வைக்கக் கூடாது, சத்தம் போட்டுச் சண்டை போடக் கூடாது, அரிவாளோ கத்தியோ எந்த இரும்பும் கொண்டுபோகக் கூடாது. ஒரு நாள் மாமன் மடியில் வெற்றிலைக் கத்தியோடு உள்ளே போய்விட்டார் என்று அத்தை அவருக்கு ராத்திரிக் களி போடவில்லை.

"வயித்துப் புள்ளையைக் கீறிப் பாக்கவா சாமி இம்புட்டு தூரம் ஏறி வந்தே?" என்று அத்தை கேட்டார். கோபமாகக்கூட இல்லை. அதுதான் அக்காவுக்கு வலித்திருக்கும். "சோறு இருக்குது, சாப்பிடு. படுக்க இடம் இருக்குது, இரு. எத்தனை நாள் வேணாலும் இரு. அதை மட்டும் கேக்காத."

அக்கா கேட்கவில்லை. கெஞ்சவும் இல்லை. மறுநாள் காலையில் காட்டோரத்து வரப்புக்குப் போய்த் தினைப்புல்லைத் தேட ஆரம்பித்தார். புல்லுக்கு ஏது பிள்ளைத்தாய்ச்சி வழக்கம்? அதை யார் வேண்டுமானாலும் பிடுங்கலாம். நாங்களே பிடுங்கி எறிகிற களைதான் அது.

வேலை காலையிலேயே நடக்க வேண்டும். வெயில் ஏறினால் இழைகள் ஆட்டத்தை நிறுத்திவிடுமோ என்னவோ, விடிந்ததும் போய்விடுவார். புல்லின் உறையைக் கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்ப்பார். புடைத்திருந்தால் பிரித்து, உள்ளே பச்சைப் புழு மாதிரி இருக்கும் சின்னக் கதிரை எடுத்து, அங்கேயே ஒரு சீசாவில் போட்டுவிடுவார். சீசாவில் ஸ்பிரிட்டும், காடி மாதிரி நெடியடிக்கும் ஏதோ ஒரு திராவகமும் கலந்திருக்கும். போட்ட நொடியில் இழைகள் எந்த நிலையில் இருந்ததோ அப்படியே நின்றுவிடுமாம்.

எனக்கு எழுதத் தெரியும் என்று அறிந்ததும் சீட்டு எழுதும் வேலையை எனக்குக் கொடுத்தார். பென்சிலால்தான் எழுத வேண்டும். மசியில் எழுதினால் ஸ்பிரிட்டு கரைத்துவிடும். "காலை, தினைப்புல், கீழ்வரப்பு" என்று எழுதி சீட்டையும் சீசாவுக்குள்ளேயே போடுவேன். என் எழுத்து கோணலாக இருக்கும். அக்கா ஒரு நாளும் குறை சொன்னதில்லை. "ஊறின பிறகு இன்னும் அழகாயிருக்கு பார்" என்பார். ஊறினால் எழுத்து எப்படி அழகாகும்? எனக்காகச் சொன்னதுதான்.

அந்தச் சீசாவால் வீட்டில் ஒரு கூத்து நடந்தது. மாமனுக்கு மூக்கு கூர்மை. கடை மூடிய நாளிலிருந்து வாட்டமாக இருந்தவர், சீசாவை மோந்து பார்த்துவிட்டார். ஸ்பிரிட்டு வாசம்தான் அவருக்குத் தெரிந்திருக்கும், கூட இருந்த திராவகம் தெரியவில்லை. மூக்கில் குத்தியதில் தும்மித் தும்மிக் கண்ணெல்லாம் தண்ணீர்.

"மாமா, அது விஷம்! வாயில வெச்சுடாதீங்க!" என்று அக்கா ஓடிவந்தார்.

"கெவருமெண்டு கடையை மூடினது பத்தாதா அம்மிணி, இருக்கிறதுலயும் காடியை ஊத்திக் கெடுத்து வெச்சிருக்கறயே" என்றார் மாமன், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

அக்கா சிரித்தார், ஆனால் அன்றிலிருந்து சீசாவைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

அத்தை இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நாள் கழித்து, களி கிண்டும்போது என்னிடம், "அந்தப் புள்ள தெனமும் காத்தால குளிச்சிட்டுத்தான் போகுது. கதிரை எடுத்துச் சாராயத்துல போடுது. அது படையல் போடுதுடி. யாருக்குன்னுதான் தெரியல" என்றார்.

எங்கள் மலையில் முதல் கதிரைச் சாமிக்கு வைக்கும்போது சாராயம் தெளிப்பது உண்டு. அத்தை அதையும் இதையும் முடிச்சுப் போட்டுக்கொண்டார். அப்படி இல்லை என்று சொல்லலாமா வேண்டாமா என்று நான் யோசித்தேன். வழக்கம்போல் பேசாமல் இருந்துவிட்டேன்.

புல்லில் அக்காவுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. ஒரு நாள் மதியம் வாசலில் வெளிச்சமாகப் பெட்டியைத் திறந்து, சின்னதைப் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடிக் கருவியை எடுத்து வைத்தார். ஊறின கதிரிலிருந்து ஒரு பூமொக்கைக் கிள்ளி, ஊசியால் உள்ளிருந்த துளியை எடுத்து, கண்ணாடிச் சில்லில் வைத்துச் சிவப்புச் சாயம் விட்டார். துருப்பிடித்த இரும்பு ஊசி. இரும்பு பட்டால்தான் சாயம் நன்றாகப் பிடிக்குமாம்.

"இரும்பு!" என்றார் அத்தை, ஆட்டுக்குக் கீரை ஒடித்துக்கொண்டிருந்தவர்.

"காட்டுல இல்லீங்களே ஆத்தா. ஊட்டு வாசல்லதானே" என்றார் அக்கா. அதற்குள் எங்கள் பேச்சு அவருக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

சில்லை விளக்கில் லேசாக வாட்டி, மேலே காகிதம் வைத்துக் கட்டைவிரலால் அமுக்கி, கருவியில் வைத்துக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை. பிறகு, "வந்திருச்சு" என்று மட்டும் சொன்னார். என்னைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார்.

நான் பார்த்தேன். கருப்பாக வளைந்து வளைந்து இழைகள் அசைந்தன. "அக்கா, அசையுது!" என்று கத்திவிட்டேன். நான் கத்தியது எனக்கே வெட்கமாகப் போயிற்று. அக்கா பார்த்துவிட்டு, "அது உன் கண் இமைடி கண்ணு" என்றார்.

அப்புறம் இமையை விலக்கிப் பார்க்கத் தெரிந்தது. வட்ட வட்டமாக அறைகள். ஒவ்வொன்றின் நடுவிலும் சிவப்புப் பொட்டுகள். ஆனால் ஒன்றும் அசையவில்லை.

"அசையாது" என்றார் அக்கா. "நாம நிறுத்திட்டோம். ஆனா ஒவ்வொரு அறையும் ஒவ்வொரு நேரத்துல நின்னிருக்கு. எல்லாத்தையும் வரிசையா சேர்த்துப் பார்த்தா ஆட்டம் புரிஞ்சிரும்."

அத்தை எப்போது எழுந்து வந்தார் என்று தெரியவில்லை. "நகரு, நகரு" என்று என்னைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். முதலில் மூட வேண்டிய கண்ணைத் திறந்து, திறக்க வேண்டிய கண்ணை மூடினார். அக்கா தன் உள்ளங்கையால் அந்தக் கண்ணைப் பொத்திப் பிடித்துக்கொண்டே சொல்லிக்கொடுத்தார்.

இதோ இந்த அறையில் இழைகள் நீளமாகச் சிக்கலாகக் கிடக்கின்றன. ஒன்று அப்பன் வழி வந்தது, அதற்கு ஜோடி ஆத்தா வழி வந்தது. ஒன்றையொன்று தேடி வந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டியிருக்கும்போதே துண்டு துண்டாகத் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளும். அடுத்த அறையைப் பாருங்கள், குட்டையாகத் தடித்து, ஜோடி ஜோடியாக நடுவில் வரிசை கட்டி நிற்கின்றன. அந்த ஓரத்து அறையில் பாதி இந்தக் கோடிக்கும் பாதி அந்தக் கோடிக்கும் போய்விட்டன. இரண்டு பக்கமும் கண்ணுக்குத் தெரியாத கயிறு கட்டி இழுப்பது மாதிரி. அதற்கப்புறம் மறுபடியும் ஒரு தடவை பிரியும். ஓர் அறை நாலாகும். நாலும் நாலு மகரந்தத் தூள்.

"எதுக்குப் பாதியாப் போவோணும்?" என்றார் அத்தை, கண்ணை எடுக்காமல்.

"ஆண் பக்கத்துலேருந்து பாதி, பொண்ணு பக்கத்துலேருந்து பாதி. விதையில சேர்ந்து முழுசாயிரும். பாதியாகலைன்னா ஒவ்வொரு தலைமுறைக்கும் ரெண்டு மடங்கு ஆயிட்டே போகும், ஆத்தா. அறை கொள்ளாது."

"கும்மியடிக்கற மாதிரி இருக்குது" என்றார் அத்தை. "ஜோடி சேந்து, கை தட்டி, எதிரெதிர் பக்கமாப் பின்னால போவாங்கல்ல. அப்படி." கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "நல்லாத்தான் ஆடுது. எங்க தினையில எப்படி?"

"தெரியாதுங்க ஆத்தா. இது புல்லு."

அத்தை தலையைத் தூக்கினார். "புல்லா?"

"வரப்புல இருந்த தினைப்புல்லு. இதை எழுதிக் கொண்டுபோயிருவேன். தினையைப் பத்தி எழுத எங்கிட்ட ஒண்ணுமில்ல."

"அப்போ உன் படிப்புல நாங்க வெதைக்கற பெருந்தினை வராது. நாங்க புடுங்கி எறியற களை வரும்?"

அக்கா குனிந்து கருவியைப் பெட்டியில் எடுத்து வைக்க ஆரம்பித்தார். அது சாமர்த்தியமோ, இல்லை உண்மையிலேயே மனசு விட்டுப்போனதோ, எனக்குத் தெரியாது. கண் மட்டும் கலங்கியிருந்தது.

அன்று முழுக்க அத்தை ஒரு மாதிரியாக இருந்தார். பானையை டொங்கென்று வைப்பதும், ஆட்டைத் திட்டுவதும். "புல்லுக்கு வந்த வாழ்வைப் பாரு" என்று அடுப்பிடம் சொன்னார். மாமன், "புல்லு மேல இத்தனை பொறாமைப்பட்ட பொம்பளையை நான் பாத்ததில்ல" என்றார். அவருக்கும் சேர்த்துத் திட்டு விழுந்தது.

பொழுது சாய்வதற்குள் அத்தை ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். எங்கள் மேல்காட்டில் ஒரு மூலையை அறுக்கவே மாட்டோம். அது சாமி மூலை. அங்கே விளைவது சாமிக்கும் கிளிக்கும். "அது எங்களுது இல்ல. அதைக் குடுக்கறதுக்கும் மறுக்கறதுக்கும் நான் யாரு? சாமியைக் கேட்டுப் பாப்போம். குடுத்தாலும் ஒரே ஒரு கதிருதான். இரும்பு படக் கூடாது. நகத்தால கிள்ளோணும்."

மறுநாள் விடிந்ததும் எல்லோரும் போனோம். மாமனைக்கூட மடியை உதறிக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் அத்தை உள்ளே விட்டார். பனி முழங்கால் வரை நனைத்தது. அத்தை இரண்டு இலைப் பொட்டலம் கட்டி, சாமியாக நட்டிருந்த கல்லின் முன் வைத்தார். ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. வெள்ளை வந்தால் சாமி சம்மதம். என்னை எடுக்கச் சொன்னார். அக்காவைப் பார்த்தேன், அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அத்தை பிரித்தார். வெள்ளைப் பூ.

"உன் நல்ல நேரம்" என்றார் அத்தை, அக்காவைப் பார்த்து. "போ. ஒண்ணுதான்."

ஒன்று. அதுதான் கஷ்டம். புல்லில் எத்தனையோ கதிர் எடுத்து, அதில் ஏதோ ஒன்றில்தான் அக்காவுக்குக் கிடைத்தது. மற்றதெல்லாம் ஒன்று ஆட்டம் ஆரம்பிக்காதது, இல்லையென்றால் முடிந்துபோனது. இப்போது ஒரே கதிரில் கிடைத்தாக வேண்டும். அக்கா அந்த மூலையில் ஒவ்வொரு பொதியாகக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் நிற்பார், விட்டுவிடுவார். திரும்ப அங்கேயே வருவார். வெயில் எதிர்ச்சரிவில் இறங்க ஆரம்பித்துவிட்டது. அத்தை கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மாமன் மட்டும், "பொண்ணு பாக்கப் போன எடத்துல நான்கூட இத்தனை யோசிக்கல" என்று முணுமுணுத்தார்.

"யோசிச்சிருக்கோணும்" என்றார் அத்தை.

அக்கா சிரித்துவிட்டார். சிரித்த வேகத்தில் கை எதன்மேல் இருந்ததோ அதையே கிள்ளிவிட்டார். உறையைப் பிரித்து, கதிரை நான் நீட்டிய சீசாவில் போட்டார். "காலை, பெருந்தினை, சாமி மூலை" என்று நான் எழுதினேன். அத்தை கல்லைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, சீசாவையும் கும்பிட்டார்.

எல்லோரும் முன்னால் போன பிறகு இலைகளைப் பொறுக்கிக்கொண்டு நான் கடைசியாக வந்தேன். பிரிக்காத பொட்டலம் என் கையில் அவிழ்ந்துவிட்டது. அதிலும் வெள்ளைப் பூதான். முன்னால் போய்க்கொண்டிருந்த அத்தையின் முதுகைப் பார்த்தேன். ஒன்றும் தெரியாதவர் போல மாமனை விரட்டிக்கொண்டு போனார். நானும் ஒன்றும் தெரியாதவள் போல அந்தப் பூவைத் தலையில் வைத்துக்கொண்டேன்.

கதிர் ஒரு நாள் ஊற வேண்டும். அந்த ஒரு நாள் அக்கா சாப்பிட்டாரா என்றுகூட எனக்கு நினைவில்லை. அடுத்த நாள் மதியம் வாசலில் கருவியை வைத்தார். நுனியிலிருந்த மொக்கை முதலில் எடுத்தார். குனிந்து பார்த்தார். உதட்டைக் கடித்தார். "முடிஞ்சிருச்சு" என்றார். அடியிலிருந்த மொக்கை எடுத்தார். "இது ஆரம்பிக்கவே இல்லை." அத்தை கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"நடுவுல பாரு" என்றார் மாமன் தூரத்திலிருந்து. அவருக்கு ஒன்றும் தெரியாது, சும்மா சொன்னார்.

"அதைத்தான் மாமா எடுக்கறேன்" என்றார் அக்கா. நுனி முதலில் முற்றும், அடி கடைசியில் முற்றும். அப்படியானால் நடுவில் இருந்தாக வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சாயம் விட்டு, வாட்டி, அமுக்கி, குனிந்தார். வாசலில் கோழி கொத்தும் சத்தம் மட்டும்தான் கேட்டது.

அக்கா நிமிர்ந்தபோது கண்ணீர் மூக்கு நுனியில் தொங்கியது. கருவியில் விழுந்துவிடும் என்று புறங்கையால் துடைத்துக்கொண்டு, "ஆத்தா, வாங்க. உங்க தினை ஆடுது" என்றார்.

அத்தை வெகு நேரம் பார்த்தார். இப்போது எந்தக் கண்ணை மூட வேண்டும் என்று தெரிந்திருந்தது. பிறகு, ஒரு பந்தயத்தின் முடிவைக் கேட்பவர் போலக் கேட்டார்: "புல்லை விட நல்லா ஆடுதா?"

அக்கா அத்தைக்காக ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "ரெண்டும் ஒரே மாதிரிதாங்க ஆத்தா. அத்தனை ஜோடி இதுலயும், அத்தனை ஜோடி அதுலயும். நிக்கறது, பிரியறது, எல்லாம் ஒண்ணுபோல. தினை அந்தப் புல்லுலேருந்து வந்ததா இருக்கும்னு எனக்குத் தோணுது."

அத்தை கீழே வைத்த முறத்தை எடுத்து இரண்டு தடவை தட்டினார். "அப்போ பங்காளி" என்றார் கடைசியில். "ஒரே வம்சம். ஒருத்தன் ஊட்டுக்குள்ள இருக்கறான், ஒருத்தன் வரப்புல நிக்கறான்."

அக்கா அதற்கப்புறம் சில நாள்தான் இருந்தார். போகும்போது, மிச்சமிருந்த பென்சிலை என்னிடம் கொடுத்தார். அத்தை தினை மாவும் தேனும் கட்டிக்கொடுத்து, "உங்கப்பன் கிட்டச் சொல்லு, எங்க சாமியே சரின்னு சொல்லிருச்சு, நீ யாரு வேண்டாங்கறதுக்குன்னு" என்றார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்காரர் முன்னால் இறங்கினார். அக்கா படிப்பை முடித்துவிட்டதாகப் பின்னாளில் சந்தைக்குப் போனவர்கள் வழியாகச் சேதி வந்தது.

மறுவருஷம் களை எடுக்கும்போது நான் அத்தைக்குப் பக்கத்து வரிசையில் இருந்தேன். தினைப்புல்லைக் கண்டதும் அத்தை நின்றார். விட்டுவிடுவார் போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். "வாடா பங்காளி" என்று சொல்லி, வேரோடு பிடுங்கி வரப்பில் போட்டார்.

"ஏனுங்க அத்தை, ஒரே வம்சம்னு சொன்னீங்களே" என்றேன்.

"அதனாலதான்டி. பங்காளியை உள்ள உட்டா ஒரு நாளைக்குப் பாகம் கேப்பான்" என்றார். ஆனால் பிடுங்கியதை முன்போல வெயிலில் காயப் போடவில்லை. வரப்பிலேயே வேர் பிடிக்கிற ஈர இடமாகப் பார்த்துப் போட்டுவிட்டுப் போனார்.

அவ்வளவுதான் எனக்கு நினைவிருப்பது. இழைகள் முதலில் ஜோடியாகக் கூடிப் பிறகு பிரிகின்றன, இரண்டாம் தடவை பிரிந்து நாலாகின்றன என்று எழுதியிருக்கிறேன். துண்டு மாற்றிக்கொள்வது நடுவில் வரிசை கட்டுவதற்கு முன்பா பின்பா என்று இப்போது எனக்கே குழப்பமாக இருக்கிறது. நாங்கள் பார்த்ததோ நின்றுபோன ஆட்டம், வரிசைப்படுத்தியது அக்கா. செடிகளைப் பற்றிப் படித்தவர்கள் யாராவது இதைச் சரிபார்த்து, தப்பிருந்தால் திருத்திவிடுங்கள். அத்தை சொன்னதை மட்டும் திருத்த வேண்டாம், அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.